தங்கவயல் அச்சும் தெருக்குரலும்: ஓர் ஏற்பு வரலாறு

முன்னுரை

ஒரு படைப்பு வெளிவந்தபோது திறனாய்வாளர் அதைப் பற்றி என்ன கூறினர் என்பதைத் தொகுத்துரைப்பது ஏற்பு வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். அப்படைப்பை எந்த மரபில் வைத்து நோக்கினர், எந்த மரபை விட்டுவிட்டனர் என்பதை ஆராய்வது அதன் இன்றியமையாத மறுபகுதியாகும். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் திரைப்படத்துறைக்கு வெளியே தோன்றிய மாற்றிசையின் முதல் படைப்புகள் பரவலான கவனத்தைப் பெற்றன. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவின் முதற்பாடல்களும், அக்குழுவைச் சேர்ந்த அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ என்னும் முதல் இசைத்தொகுப்பும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. இவற்றுக்குக் கிடைத்த ஏற்பையும், அவ்வேற்பில் விடுபட்டுப்போன கோலார் தங்கவயலின் இடத்தையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கருநாடகத்தின் சுரங்க நகரொன்றுக்கும் சென்னை மேடையில் ஒலித்த ராப், ராக், கானா ஆகியவற்றின் கலவைக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுதல் இயல்பே. குழுவின் பெயரிலேயே அதற்கான விடை அமைந்துள்ளது. அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து பெறப்பட்டது. பண்டிதரின் மறைவுக்குப் பின் அவருடைய எழுத்துகளை அச்சில் நிலைபெறச் செய்த இடங்களுள் முதன்மையானது கோலார் தங்கவயலாகும்.

மேடையும் தொகுப்பும்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் இணைந்து 2017இல் இக்குழுவை உருவாக்கின. 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள பள்ளித் திடலில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. 19 கலைஞர்கள் மேடையேறினர். கித்தாரும் மேலைநாட்டு முரசுத் தொகுதியும் ஒருபுறமிருக்க, பறை, தவில், சட்டி, கட்டைமேளம் ஆகியன மறுபுறம் ஒலித்தன. வடசென்னைக் கானாப் பாடகர்களும் சொல்லிசைக் கலைஞர்களும் ஒரே பாட்டினுள் மாறிமாறிப் பாடினர். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை வாழ்வு, அம்பேத்கர் ஆகியன பாடுபொருள்களாயின.

2019இல் வெளிவந்த ‘தெருக்குரல்’ இதனின்று வேறுபட்ட அமைப்புடையது. பல்குரல் மேடைக்கு மாறாக, ஒற்றைச் சொல்லிசைக் குரலும் மின்னணு இசையும் அதில் முதன்மை பெற்றன. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த மாணவி ஸ்னோலினின் பெயரால் அமைந்த பாடலும், ‘ஆன்டி இந்தியன்’ என்னும் பாடலும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. மேடைக்குழு ஒரு சமூகத்தின் கூட்டுக்குரலாக நின்றது. தொகுப்போ ஒரு தனிமனிதனின் வழக்குரையாக அமைந்தது. எனினும் இரண்டும் ஒரே சொற்களத்தில் இயங்கின எனலாம்.

ஏற்பின் மூன்று போக்குகள்

இவ்விரு படைப்புகளையும் குறித்த எதிர்வினைகளை மூன்று போக்குகளாக வகைப்படுத்தலாம்.

முதலாவது, செய்தியாக ஏற்றல். சாதிக்கு எதிராக ஓர் இசைக்குழு தோன்றியுள்ளது என்பதே இங்கு மையச்செய்தி. ஆங்கில நாளிதழ்களும் வெளிநாட்டு ஊடகங்களும் பெரிதும் இப்போக்கிலேயே எழுதின. குழுவின் கானாப் பாடகி இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதும் இவ்வகை ஏற்பின் விளைவே. குழுவின் புகழை நாட்டெல்லைக்கு அப்பால் கொண்டுசென்ற பயன் இதற்கு உண்டு. ஆயினும் பாடலின் பொருள் பேசப்பட்ட அளவிற்கு அதன் யாப்பும் சொல்லும் பேசப்படவில்லை.

இரண்டாவது, இறக்குமதியாக ஏற்றல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹிப்ஹாப் இசையையும் மேலைநாட்டு ராக் இசையையும் தமிழுக்குக் கொணர்ந்த முயற்சியாக இவற்றை நோக்குவது இப்போக்கு. ஒடுக்கப்பட்டோர் இசைகள் ஒன்றையொன்று அடையாளங்காணுதல் உண்மையே. ஆனால் வடிவம் வெளியிலிருந்து வந்தது என்பதனால் சிந்தனையும் வெளியிலிருந்தே வந்தது எனக் கொள்ளும் பிழைக்கு இது இடந்தருகிறது.

மூன்றாவது, கானாவின் மேடையேற்றமாக ஏற்றல். சாவு வீட்டுப் பாட்டென்றும் குப்பத்துப் பாட்டென்றும் ஒதுக்கப்பட்ட கானா, 1990களில் தேவாவின் இசையமைப்பு வழியாகத் திரையில் செல்வாக்குப் பெற்றது. அங்கு அது பெரும்பாலும் நகைச்சுவைக்கும் கொண்டாட்டத்துக்கும் உரியதாகவே பயன்பட்டது. கானாப் பாடகர் தம் பெயரோடும் தம் அரசியலோடும் மேடையேறியதை இப்போக்கினர் சரியாகவே சிறப்பித்தனர். தமிழ் நாட்டார் வழக்காற்றியலுக்கு மிக அணுக்கமான போக்கு இதுவேயாகும். ஆயினும் இது வடசென்னையோடு நின்றுவிடுகிறது. வாய்மொழி மரபை முன்னிறுத்தும்போது அச்சுமரபைக் காணாது விடுகிறது.

இம்மூன்று போக்குகளும் விட்டுவிட்ட இடம் ஒன்றே. ஒடுக்கப்பட்ட தமிழரிடையே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதழ், நூல், சங்கம், சொற்பொழிவு ஆகியவற்றால் கட்டமைந்த ஓர் அறிவுமரபு இருந்தது. கேட்போர் பலருக்கும் புதுமையாகத் தோன்றிய சொல் அம்மரபின் பழஞ்சொல்லாகும்.

பெயரின் வரலாறு

அயோத்திதாசர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களை ‘பூர்வத் தமிழர்’ என்றும் ‘சாதிபேதமற்ற’வர் என்றும் சுட்டினார். 1886இல் அவர்கள் இந்துக்கள் அல்லர் என அறிவித்தார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவிக் கல்வி, வேலைவாய்ப்பு முதலிய உரிமைகளை வேண்டினார். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவியபின், சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 சூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அவருடைய ‘சாதிபேதமற்ற’ என்னும் அடைமொழியின் பொருளை நுணுகி நோக்கல் வேண்டும். ‘கேஸ்ட்லெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று பெரும்பாலும் சாதியைக் கைவிட்ட நிலையை, அதாவது இனி எய்த வேண்டிய ஓர் இலட்சியத்தைக் குறிப்பதாக உணரப்படுகிறது. அயோத்திதாசரிடத்தில் அது வரலாற்று உரிமைக் கூற்றாகும். சாதி பிற்காலத்தில் புகுத்தப்பட்டது. அதை ஏற்காமையினாலேயே பூர்வ பௌத்தர் தாழ்த்தப்பட்டனர். எனவே அவர்கள் முன்னரே சாதியற்றோர் என்பது அவர்தம் வாதம். முன்னையது வருங்காலத்தை நோக்குவது. பின்னையது இறந்தகாலத்தை மீட்பது.

இவ்வேறுபாட்டை உணராமையால் எழும் ஐயம் ஒன்றுண்டு. சாதியற்றோர் எனப் பெயர் சூடிய குழு, சாதியை அடிப்படையாகக் கொண்ட இட ஒதுக்கீட்டை ஆதரித்துப் பாடுவது முரணன்றோ என்பதே அது. இலட்சியப் பொருளில் கொண்டால் முரண்போல் தோன்றும். அயோத்திதாசர் மரபில் கொண்டால் முரணில்லை. சாதிபேதமற்றோர் என உரைத்த அவரே, சாதியால் இழைக்கப்பட்ட இழப்புக்கு ஈடாகப் பள்ளியும் பணியும் வேண்டினார். பெயர் உரிமையை நிறுவுகிறது. கோரிக்கை இழப்பைக் கணக்கிடுகிறது. குழுவின் பெயரும் பாடலும் இவ்வகையிலேயே பொருந்தி நிற்கின்றன.

தங்கவயலில் சொல் வாழ்ந்த முறை

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார்ச் சுரங்கப் பணியை ஏற்றபின் தங்கவயல் விரைந்து வளர்ந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து புனல்மின்சாரம் அங்குக் கொண்டுவரப்பட்டது. மேலாளர்க்குரிய மாளிகை, மன்றம், தேவாலயம் ஆகியவற்றால் அது ‘குட்டி இங்கிலாந்து’ எனப் புகழப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைத் தகர்த்தவர்களோ பெரும்பாலும் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர். அவர்களுட் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர். ஊரில் நிலமும் கூலியும் சாதியால் கட்டுண்டிருக்க, இங்கு மாதச் சம்பளம் கையில் கிடைத்தது. சுரங்கம் கொடிது, எனினும் சம்பளம் இதழ் வாங்கவும் சங்கம் நடத்தவும் வழிசெய்தது.

‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா முதலிய குடிபெயர்வு இடங்களில் வாசகர் இருந்தனர். தங்கவயல் மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வலுவுடன் இயங்கியது. 1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தபின் இதழ் நீண்டநாள் நிலைக்கவில்லை. 1926இல் அது தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. 1930களின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியப் பொறுப்பில் சிறந்து விளங்கினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறுசிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. இதழின் பக்கங்களில் சிதறிக் கிடந்த சிந்தனை நூல்வடிவம் பெற்றதும், அடுத்த தலைமுறையின் கைக்குக் கிட்டியதும் இதனாலாகும்.

இக்காலத்திலேயே, 1930இல், கைரேகை வைத்துப் பதிவுசெய்யும் புதிய முறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மை எவ்வாறு பதிவுசெய்தல் வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்வோம் என்னும் குரலை அப்போராட்டத்தில் காணலாம். குடிமதிப்பேட்டில் எப்பெயரால் பதிவது என்பதைப் பற்றி அயோத்திதாசர் தொடர்ந்து வாதிட்டதோடு இதனை இணைத்து எண்ணுதல் தகும். பெயரும் பதிவும் அதிகாரத்தின் கருவிகள் என்னும் உணர்வு இம்மக்களிடையே ஏட்டறிவாக மட்டுமன்றிப் பட்டறிவாகவும் இருந்தது.

பண்டிதரின் எழுத்துகளைக் கல்வியுலகம் ஏற்றது மிகவும் பிந்தியே. ஞான. அலாய்சியஸ் 1998இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு, தமிழ்ப் பௌத்த இயக்கத்தையும் அதில் தங்கவயலின் பங்கையும் விளக்கியது. 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், அவர் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்டது. இதழ்களை அரிதின் முயன்று பாதுகாத்த அன்பு பொன்னோவியம் போன்றோரின் பணி இதற்குத் துணைநின்றது. தொடர்ந்து டி. தருமராஜ், ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம் முதலியோரின் ஆய்வுகள் வெளிவந்தன. 2000களில் தமிழ்நாட்டின் அறிவுக்களத்தில் அயோத்திதாசர் வாதப்பொருளானார். 2018இல் ஓர் இசைக்குழு அவர் சொல்லைப் பெயராகச் சூடியது இவ்வரிசையின் தொடர்ச்சியே.

இக்குழுவினர் தங்கவயல் நூல்களை நேரே கற்றனர் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எடுத்தாளத்தக்க நிலையில் அச்சொல் எஞ்சியிருந்தமைக்குத் தங்கவயல் ஒரு காரணம் என்பதே கருத்து. வாசகர் காத்துவைக்காத சொல்லைப் பாடகர் எடுத்தாள இயலாது.

தலைப்பும் பொருள்கோளும்

ஆங்கில எழுத்தில் ‘தெருக்குரல்’ என்னும் தலைப்பு எழுதப்படும்போது, ‘குரல்’ ‘குறள்’ ஆகியவற்றின் வேறுபாடு மறைந்துவிடுகிறது. தமிழ் எழுத்திலோ இடையின ரகரமும் லகரமும் தெளிவாக நின்று, தெருவின் குரல் எனப் பொருள் தருகின்றன. அதேவேளை அச்சொல் செவியில் திருக்குறளை நினைவூட்டாமல் விடுவதில்லை. ‘திரு’ என்னுமிடத்தில் ‘தெரு’ நிற்கிறது. எழுதப்பட்ட ‘குறள்’ நிற்குமிடத்தில் ஒலிக்கப்பட்ட ‘குரல்’ நிற்கிறது. இத்தலைப்பு இழிவு கருதியதன்று. உரிமை கருதியது என இக்கட்டுரையாளர் கொள்கிறார்.

இவ்வுரிமைக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பணியாற்றியபோது, தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என அயோத்திதாசர் பதிவுசெய்துள்ளார். மேலும் திருக்குறளைத் ‘திரிக்குறள்’ எனக் கொண்டு, பௌத்தத் திரிபிடகத்தோடு தொடர்புபடுத்திப் பொருளுரைத்தார். ஓர் எழுத்தை மாற்றிப் பழம்பொருளை மீட்டெடுப்பது அவருடைய ஆய்வுமுறை. பறையர் என்னும் பெயரையும், வேடதாரிகளின் பொய்யைப் பறைந்தவர், அதாவது வெளிப்படக் கூறியவர், என அவர் விளக்கினார். இச்சொல்லாராய்ச்சி இன்றைய மொழியியலுக்கு எந்த அளவு உடன்பாடானது என்பது வேறு வினா. வசையாகச் சுமத்தப்பட்ட சொல்லைத் திரும்பப் பெற்று, அதனையே சான்றாக நிறுத்தும் உத்தி இங்குக் கருதத்தக்கது.

‘ஆன்டி இந்தியன்’ என்னும் பாடலின் தலைப்பை இவ்வுத்தியோடு ஒப்பிடலாம். மாற்றுக் கருத்துடையோரைச் சுட்டுதற்குத் தமிழக அரசியல் உரையாடலில் அக்காலத்து வழங்கிய வசைச்சொல் அது. அதனை மறுத்து ஒதுக்காமல் தலைப்பாகவே ஏற்று, யார் இந்நாட்டினர் என்னும் வினாவைக் கேட்போர்பால் திருப்புவது பாடலின் போக்காகும். ஹிப்ஹாப் மரபிலும் வசையைத் திரும்பப் பெறுதல் உண்டு. ஆனால் தமிழில் அதற்கு இராயப்பேட்டையிலும் தங்கவயலிலும் அச்சேறிய முன்மாதிரி இருக்க, கடல்கடந்த முன்மாதிரியை மட்டும் காட்டுவது குறையுடைய திறனாய்வாகும்.

ஏற்பில் யார் பெயர்?

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து சுரங்கத்துக்குச் சென்ற வழி ஒன்று. கடல் கடந்து தோட்டத் தொழிலுக்குச் சென்ற வழி மற்றொன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை, 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலுக்கு அடிப்படையாக அவர் கொண்டார். அப்பாடல் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாடலையும் ‘நீயே ஒளி’ பாடலையும் முன்னிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனை வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் அறிவைக் கொண்ட மின்னிதழ் அட்டையை வெளியிட்டது. பாடலை ஏற்பதும் பாடியவரை ஏற்பதும் வேறுவேறு என்பதற்கு இது சான்று.

எதிர்ப்பும் ஏற்பின் ஒரு வகையே. பெண்களின் சபரிமலை நுழைவை முன்னிட்டு இசைவாணி பாடிய பாடல் வெளிவந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 2024 நவம்பரில் மீண்டும் கிளப்பப்பட்டுக் கடும் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் உள்ளானது. ஒரு படைப்பின் ஏற்பு வெளியீட்டு நாளோடு முடிவதில்லை. காலம் மாறும்போது அது மீண்டும் விசாரணைக்கு உட்படுகிறது. இத்தகைய நேரங்களில் அப்படைப்பின் மரபை எடுத்துரைக்கும் ஆய்வுகள் இல்லையெனில், படைப்பாளர் தனித்துவிடப்படுகின்றார்.

தங்கவயலுக்கும் இதுவே நேர்ந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நிறுத்தப்பட்டன. அதன்பின் வேலைக்காகப் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்றுவரும் ஊராக அது மாறியது. 2018 திசம்பரில் ‘கே.ஜி.எஃப்.’ என்னும் கன்னடத் திரைப்படம் அவ்வூர்ப் பெயரை நாடறியச் செய்தது. ஆயின் அது கற்பனை நாயகனின் கதையாதலால், அங்கு இதழ் நடத்திய தமிழ்த் தொழிலாளர்க்கு அதில் இடமில்லை. 2024 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’, வடஆர்க்காட்டிலிருந்து தங்கம் தேடிச் சென்ற மக்களின் கதையைப் புனைவாகச் சொல்லியது. குழுவின் பெயரில் மறைந்திருந்த தங்கவயல் தொடர்பு, அக்குழுவை உருவாக்கியவரின் திரைப்படத்தில் நிலமாகவே வெளிப்பட்டது குறிக்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. மாற்றிசையின் முதற்படைப்புகளை அரசியல் செய்தியாகவும், மேலை இசையின் தமிழாக்கமாகவும், கானாவின் மேடையேற்றமாகவும் ஏற்ற போக்குகள் தத்தம் அளவில் உண்மையுடையன. எனினும் அவை ஒடுக்கப்பட்ட தமிழரின் அச்சுமரபைக் கருத்திற் கொள்ளவில்லை.

2. ‘சாதியற்ற’ என்னும் அடை, அயோத்திதாசர் வழக்கில் இலட்சியத்தைக் காட்டிலும் வரலாற்று உரிமையையே சிறப்பாகச் சுட்டுகிறது. குழுவின் பெயருக்கும் அதன் பாடுபொருளுக்கும் முரண் உண்டு எனும் கருத்து இதனால் நீங்குகிறது.

3. வசைச்சொல்லைத் திரும்பப் பெறும் உத்திக்கும், எழுத்தை மாற்றிப் பொருளை மீட்கும் உத்திக்கும் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. இவ்வுத்திகளை உரையாசிரியர் கூறும் பொருள்கோளோடு ஒப்பிட்டு ஆராய்தல் தமிழியலார் கடனாகும்.

4. தங்கவயல் பொன்னால் மட்டும் அறியத்தக்க ஊரன்று. நூற்றாண்டுக்கு முற்பட்ட தமிழ்ச் சிந்தனையை அச்சிட்டுக் காத்த ஊருமாகும். அங்கு வெளிவந்த இதழ்களையும் சிறுநூல்களையும் சங்கப் பதிவுகளையும் திரட்டி அட்டவணைப்படுத்துதல் தமிழ்த் துறைகள் உடன் மேற்கொள்ள வேண்டிய பணி. சுரங்கம் மூடப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலாயின. அவ்வூர்க் குடும்பங்கள் பல இடங்களுக்குப் பெயர்ந்து செல்லும்போது, வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியுள்ள தாள்களும் சிதறிப்போகும். பாடலை ஆராய முற்படுவோர் அத்தாள்களையும் தேடிச்செல்வாராயின், திறனாய்வும் வரலாறும் ஒருங்கே பயன்பெறும்.